எண்ணெய்த் தடத்தில் ஓடும் பந்து: உராய்வைக் கற்பிக்க ஒரு விளையாட்டு

பதினொன்றாம் வகுப்பில் உருளும் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். வளைந்த பாதைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவி எழுந்து, கைபேசியில் பார்த்த பௌலிங் விளையாட்டைப் பற்றிக் கேட்டாள். "சார், அந்தப் பந்து முக்கால்வாசி தூரம் நேராத்தான் போகுது. கட்டைகிட்ட போனதும் யாரோ புடிச்சு இழுத்த மாதிரி இடது பக்கம் திரும்புது. எப்படி சார்?"

யோசிக்காமல் பதில் சொன்னேன். கிரிக்கெட் பந்து ஸ்விங் ஆவது போலத்தான், சுழலும் பந்தைக் காற்று திருப்புகிறது என்றேன். மணி அடித்தது. அடுத்த நாள் அவள் விடவில்லை. "காத்துன்னா மொதல்ல இருந்தே வளையணுமே சார்? அதுவும் கிரிக்கெட் பந்து 160 கிராம். இது ஏழு கிலோன்னு போட்டிருக்கு."

அவள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. வகுப்பிலேயே ஒப்புக்கொண்டு, ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் கணக்குப் போட்டதும்தான் இக்கட்டுரை. எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' நடத்துபவருக்கும், மேல்நிலையில் திண்மப் பொருள்களின் இயக்கம் நடத்துபவருக்கும் இதில் பயன்படும் பகுதிகள் உண்டு. பௌலிங் அரங்கு பெருநகர வணிக வளாகங்களில்தான் இருக்கிறது. நம் மாணவர்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தடத்தில் நடப்பதெல்லாம் நம் பாடநூலில் உள்ள இயற்பியல்தான்.

தடமும் எண்ணெயும்

பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி, அதாவது 18.29 மீட்டர். அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். இந்த அகலத்தை 39 பட்டைகளாகக் கணக்கிடுவார்கள். ஒரு பட்டை ஏறத்தாழ 2.7 செ.மீ. பழைய தடங்கள் உண்மையிலேயே மரப் பட்டைகளால் ஆனவை. பந்து வந்து விழும் முன்பகுதியிலும் கட்டைகள் நிற்கும் இடத்திலும் கடினமான மேப்பிள் மரமும், நடுவில் பைன் மரமும் போட்டிருப்பார்கள். இன்றைய தடங்கள் பெரும்பாலும் செயற்கைத் தகடுகள். நம் ஊர் மேசைகளில் ஒட்டும் சன்மைக்கா இனத்தைச் சேர்ந்தவை. பட்டைக் கோடுகள் இப்போது அச்சிட்ட படம் மட்டுமே.

பந்தின் விட்டம் ஏறத்தாழ 21.6 செ.மீ. நிறை அதிகபட்சம் 16 பவுண்டு, 7.26 கிலோ கிராம். எதிரே முக்கோண வடிவில் 10 கட்டைகள் நிற்கும். ஒவ்வொன்றும் 38 செ.மீ. உயரம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலான நிறை.

தொலைக்காட்சியில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தடத்தில் பூசியிருக்கும் எண்ணெய். மரத்தைத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றத் தொடங்கிய வழக்கம் இது. இன்று ஆட்டத்தின் கடினத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. ஓர் இயந்திரம் தடத்தின் மேல் ஊர்ந்துபோய்க் கனிம எண்ணெயைப் பூசுகிறது. ஏறத்தாழ 40 அடி வரை பூச்சு இருக்கும், கடைசி 20 அடி உலர்ந்த தடம். மொத்த எண்ணெய் 25 மில்லி லிட்டர் அளவுதான். இரண்டு மேசைக்கரண்டிகூட நிறையாது.

இந்த இடத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். 12 மீட்டர் நீளம், 1.05 மீட்டர் அகலத்தில் 25 மில்லி லிட்டரைச் சமமாகப் பரப்பினால் தடிமன் எவ்வளவு? 25 கன சென்டிமீட்டரை 1,26,000 சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் 0.0002 செ.மீ., அதாவது 2 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு வரும். இவ்வளவு மெல்லிய படலம் ஏழு கிலோ பந்தின் போக்கை மாற்றுகிறது என்று சொன்னபோது என் வகுப்பில் நம்பாத முகங்கள்தான் அதிகம். அந்த அவநம்பிக்கை பாடத்துக்கு நல்லது.

உண்மையில் எண்ணெய் சமமாகப் பரப்பப்படுவதில்லை. பொழுதுபோக்காக ஆட வருபவர்களுக்கான பூச்சில் நடுப்பகுதியில் ஓரத்தைப் போலப் பத்து மடங்கு எண்ணெய்கூட இருக்கும். கைதவறிப் பந்து வலது ஓரம் போனால் அங்கே உராய்வு அதிகம், பந்து உள்ளே திரும்பிவிடும். நடுவே போனால் உராய்வு குறைவு, அதிகம் வளையாமல் அங்கேயே ஓடும். இரண்டு தவறும் ஒரே இலக்கை நோக்கித் திருத்தப்படுகின்றன. புதியவர் தன் திறமை என்று நினைப்பதில் பாதி எண்ணெயின் தயவு! கடினமான போட்டிகளில் இந்த விகிதத்தை மூன்றுக்கு ஒன்று அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். அப்போது தவறு தவறாகவே நிற்கும்.

பந்து உருளவில்லை, சறுக்குகிறது

மாணவியின் கேள்விக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் உருளுதல், சறுக்குதல், நழுவுதல் மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. நிறை மையத்தின் திசைவேகமும், ஆரம் பெருக்கல் கோணத் திசைவேகமும் சமமாக இருந்தால் அது தூய உருளுதல். முன்னது பெரிதாக இருந்தால் சறுக்குதல். பிரேக் அழுத்திய வண்டியின் சக்கரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோம். சேற்றில் சிக்கிய வண்டியின் சக்கரம் இடத்திலேயே சுற்றுவது நழுவுதல்.

நல்ல ஆட்டக்காரர் பந்தை நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விடுகிறார் என்போம். விடும்போது விரல்களால் நிமிடத்துக்கு 300 சுற்றுகள் கொடுக்கிறார். கோணத் திசைவேகம் 31.4 ரேடியன்/நொடி. ஆரம் 0.108 மீட்டரால் பெருக்கினால் 3.4 மீ/நொடி வருகிறது. 8 எங்கே, 3.4 எங்கே! பார்ப்பதற்கு உருள்வது போலத் தெரிந்தாலும் பந்து சறுக்கிக்கொண்டுதான் போகிறது. அதன் அடிப்புள்ளி தடத்தின் மேல் தேய்ந்துகொண்டே செல்கிறது. தேய்வு இருக்கும் வரை இயக்க உராய்வு செயல்படும்.

எண்ணெய்ப் பகுதியில் உராய்வுக் குணகம் 0.04 அளவிலும், உலர்ந்த பகுதியில் 0.2 அளவிலும் இருக்கும். ஐந்து மடங்கு வேறுபாடு. அவள் பார்த்த 'இழுப்பு' அதுதான். பந்தைப் பக்கவாட்டில் திருப்பும் விசை முதலிலிருந்தே இருக்கிறது. எண்ணெயில் அது கண்ணில் படாத அளவுக்குச் சிறிது, எண்ணெய் முடிந்த இடத்தில் திடீரென்று ஐந்து மடங்காகிறது.

பக்கவாட்டு விசை எப்படி வருகிறது என்பதை வகுப்பில் விளக்குவது கடினம். ஆட்டக்காரர் பந்தை நேர் முன்னோக்கிச் சுழற்றாமல் சற்றுச் சாய்த்துச் சுழற்றுகிறார். வலக்கை ஆட்டக்காரர் என்றால் பந்தின் மேற்பகுதி முன்னோக்கியும் இடப்புறமும் சுழல்கிறது. அப்படியானால் அடிப்பகுதி வலப்புறம் தேய்கிறது. உராய்வு தேய்வுக்கு எதிர்த்திசையில், அதாவது இடப்புறம் தள்ளுகிறது.

'உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்' என்று கீழ் வகுப்புகளில் எழுதிப்போடுகிறோம். நானும் பல ஆண்டுகள் எழுதிப்போட்டிருக்கிறேன். அந்த வரியை வைத்துக்கொண்டு இந்தப் பந்தை விளக்கவே முடியாது. பந்து முன்னோக்கிப் போகிறது, உராய்வோ அதை இடப்புறமும் தள்ளுகிறது. இரு பரப்புகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குவதைத்தான் உராய்வு எதிர்க்கிறது. பொருளின் இயக்கத்தை அன்று. நாம் நடப்பதும் உராய்வின் முன்னோக்கிய தள்ளலால்தான். எட்டாம் வகுப்பிலேயே இந்த ஒரு சொல் திருத்தத்தைச் செய்துவிட்டால் மேல்நிலையில் பாதி வேலை மிச்சம்.

மேற்கண்ட பந்தின் சுழற்சி 45 பாகை சாய்ந்தது என்று கொண்டால், 3.4 மீ/நொடி முன்னோக்கி 2.4, இடப்புறம் 2.4 எனப் பிரியும். அடிப்புள்ளியின் தேய்வு முன்னோக்கி 8 கழித்தல் 2.4, அதாவது 5.6, வலப்புறம் 2.4. உராய்வு விசையில் பத்தில் நான்கு பங்கு பக்கவாட்டில் செயல்படுகிறது. எண்ணெயில் இடப்புற முடுக்கம் நொடிக்கு நொடி 15 செ.மீ., உலர்ந்த பகுதியில் 77 செ.மீ. ஒரே உராய்வுள்ள பகுதிக்குள் சீரான கோளத்தின் தேய்வுத் திசை மாறுவதில்லை. விசையும் மாறாது. மாறா விசையில் பாதை பரவளையம். எறிபொருளுக்குப் போட்ட அதே படத்தைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்தால் போதும் என்று மாணவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். தேய்வு நின்றதும் பந்து தூய உருளுதலுக்கு வந்து, நேர்கோட்டில் ஓடும்.

எங்கே உருளத் தொடங்கும்?

சாய்வுச் சுழற்சியை ஒதுக்கிவிட்டு, சுழற்சியே இல்லாமல் 8 மீ/நொடியில் விட்ட பந்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகும், பாடம் மாறாது. உராய்வு பந்தின் வேகத்தைக் குறைக்கிறது. அதே உராய்வு திருப்புவிசையாகிச் சுழற்சியைக் கூட்டுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உருளல் தொடங்கும். திண்மக் கோளத்துக்குச் சறுக்கும் தூரம், 12 பெருக்கல் தொடக்க வேகத்தின் இருமடி, வகுத்தல் 49 பெருக்கல் உராய்வுக் குணகம் பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம். இதை வருவிப்பது நல்ல பயிற்சி, மாணவர்களிடமே விட்டுவிடலாம்.

தடம் முழுவதும் உலர்ந்திருந்தால் 8 மீட்டரிலேயே பந்து உருளத் தொடங்கிவிடும். முழுவதும் எண்ணெயாக இருந்தால் 40 மீட்டர் வேண்டும். தடமோ 18.3 மீட்டர்தான், கட்டையை இடித்த பிறகும் சறுக்கிக்கொண்டிருக்கும். முதல் 12 மீட்டர் எண்ணெய், மீதி உலர் தடம் என்றால்? எண்ணெயின் முடிவில் வேகம் 7.39 மீ/நொடி, சுழற்சியின் பங்கு 1.53 மீ/நொடி. உலர் தடத்தில் 0.85 நொடியில் இரண்டும் சமமாகின்றன. மொத்தம் 17.6 மீட்டர். கட்டைக்கு முக்கால் மீட்டர் முன்னால்! உண்மையான பந்தில் தொடக்கச் சுழற்சியும் இருப்பதால் சற்று முன்னதாகவே உருளத் தொடங்கும். ஆனால் 40 அடி எண்ணெய் என்பது ஏன் நடைமுறையில் நிலைத்தது என்பது இந்தக் கணக்கில் ஓரளவு புரிகிறது.

இறுதி வேகத்தை மூன்று நிலைகளிலும் கேட்டுப் பாருங்கள். உலர் தடத்தில் அதிகம் இழந்திருக்கும் என்றுதான் வகுப்பு முழுவதும் சொல்லும். விடை எல்லாவற்றுக்கும் ஒன்றே: தொடக்க வேகத்தில் 5/7 பங்கு, 5.71 மீ/நொடி. உராய்வு கூடுதலா குறைவா, எங்கே தொடங்கியது என்பதெல்லாம் உருளல் எங்கே தொடங்கும் என்பதைத்தான் மாற்றும்; எந்த வேகத்தில் உருளும் என்பதை மாற்றாது. காரணம், உராய்வு விசை தடத்தின் மேற்பரப்பிலேயே செயல்படுகிறது. அந்தப் பரப்பிலுள்ள கோட்டைப் பொறுத்து அதன் திருப்புவிசை சுழி. ஆகவே அந்தக் கோட்டைப் பொறுத்த கோண உந்தம் மாறாது. கோண உந்த அழிவின்மைக்குப் பனிச்சறுக்கு நடனப் பெண்ணையே எத்தனை ஆண்டுகள் சொல்வது? இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பந்து வளைவு முடிந்து கட்டையை நோக்கித் திரும்பும்போது வேகமெடுக்கிறது என்று ஆட்டக்காரர்களும் வர்ணனையாளர்களும் சொல்வதுண்டு. சுழற்சி வேகம் முன்செல்லும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும் வரை உராய்வு முன்வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். சுழற்சி விரைவதைப் பார்த்துக் கண் ஏமாறுகிறது.

ஏன் வளைக்க வேண்டும்?

நேராகவே வீசிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். முதல் கட்டைக்கும் அதன் வலப்பின் நிற்கும் கட்டைக்கும் இடையில் பந்து நுழைய வேண்டும். பாக்கெட் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 6 பாகை கோணத்தில் நுழையும் பந்துக்குப் பத்துக் கட்டைகளையும் வீழ்த்தும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் பௌலிங் ஆட்சி அமைப்பான யுஎஸ்பிசி தன் சோதனைகளில் கண்டது. தடத்தின் ஓரத்திலிருந்து நேர்கோட்டில் வீசினால் கிடைக்கும் கோணம் ஒன்று, ஒன்றரைப் பாகைதான். ஒரு மீட்டர் அகலமுள்ள தடத்தில் அதற்கு மேல் இடமில்லை. மாணவர்களை அளவுப்படம் வரையச் சொன்னால் கோணமானியே பதில் சொல்லிவிடும்.

நம் கணக்கிலுள்ள சாய்வுச் சுழற்சிப் பந்துக்கு இறுதித் திசைவேகம் என்ன? தொடக்கத் திசைவேகத்தில் 5/7 பங்கும், சுழற்சியின் பங்கில் 2/7 பங்கும் வெக்டராகக் கூட வேண்டும். முன்னோக்கி 5.71 கூட்டல் 0.69, மொத்தம் 6.40. இடப்புறம் 0.69. கோணம் 6 பாகை! ஆட்டக்காரர் பந்தைச் சற்று வலப்புறம் நோக்கியே விடுவதால் நடைமுறையில் இது குறையும். அதை ஈடுகட்டத்தான் 400, 500 சுற்றுகள் கொடுக்கிறார்கள். தோராயக் கணக்கே இவ்வளவு நெருங்கி வந்தபோது, கேள்வி கேட்ட மாணவியைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

பந்து மாறிய கதை

தொடக்கத்தில் பந்துகள் லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தால் ஆனவை. 1905இல் கடின ரப்பர் பந்து வந்தது. பிறகு பாலியெஸ்டர் பிளாஸ்டிக். 1973இல் டான் மெக்யூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தைக் கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். மென்மையான பரப்பு தடத்தை நன்றாகப் பற்றியது. அவ்வாண்டு ஆறு பட்டங்களை வென்று, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். எரியக்கூடிய, மூச்சுக்குக் கேடான கரைப்பானை எல்லாரும் அறையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினால் என்ன ஆகும்? பந்துக்குக் குறைந்தபட்சக் கடினத்தன்மை வேண்டும் என்ற விதி வந்தது. 1981இல் யூரித்தேன் பந்து, 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்து.

இந்தக் கடைசி வகையின் பரப்பில் நுண்துளைகள் உண்டு. தடத்தின் எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்ளும். பரப்பு உலர்ந்திருப்பதால் பிடிப்பு கிடைக்கும். உள்ளேயும் வெறும் உருண்டை இல்லை. மின்விளக்குக் குமிழ் போலவும் வேறு விந்தையான வடிவங்களிலும் கனமான கரு ஒன்றைப் பொதித்திருப்பார்கள். கருவின் வடிவம் நிலைமத் திருப்புத்திறனை அச்சுக்கு அச்சு மாற்றுவதால், பந்து ஓடும்போது சுழற்சி அச்சு மெல்ல இடம்பெயர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் வேறொரு வளையம் தடத்தைத் தொடும். எண்ணெய் படாத புதுப் பரப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். திரும்பி வந்த பந்தைப் பார்த்தால் எண்ணெய்க் கோடுகள் ஓரிடத்தில் குவிந்து பிறகு விசிறி போல விரிந்திருக்கும். ஆட்டக்காரர் அதைத் துணியால் துடைத்த பிறகே அடுத்து வீசுவார்.

சுழற்சி ஆரத்துக்கும் விதி உண்டு: 2.46 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 2.80க்கு மிகக்கூடாது. 4.25 அங்குல ஆரமுள்ள சீரான திண்மக் கோளத்துக்குச் சுழற்சி ஆரம் என்ன என்று மாணவர்களைக் கேளுங்கள். 2/5இன் வர்க்கமூலம் பெருக்கல் 4.25, அதாவது 2.69. விதியின் இரு எல்லைகளும் இதைச் சுற்றித்தான் அமைந்துள்ளன. அந்த எல்லைகளில் 5/7 என்ற பங்கு 0.75 ஆகவோ 0.70 ஆகவோ மாறும், அவ்வளவே. எண்ணெய்க்கும் உலர் பகுதிக்கும் உள்ள ஐந்து மடங்கு வேறுபாட்டின் முன் இது சிறிது. விளம்பரங்கள் கருவைப் பற்றியே பேசினாலும், யுஎஸ்பிசி சோதனைகளில் பந்தின் போக்கை அதிகம் மாற்றியது மேற்பரப்பின் சொரசொரப்புதான். உப்புத்தாள் தேய்ப்பதற்கு விலை சொல்ல முடியாது அல்லவா!

எந்தத் தடத்துக்கு எந்தப் பந்து

உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய ரெசின் பந்து எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தடத்தைப் பற்றும். மழைத் தண்ணீரில் பட்டை தேயாத டயர் பற்றுவது போல. அதற்கு எண்ணெயில் குணகம் 0.08 என்று கொண்டு முன் செய்த கணக்கைத் திரும்பச் செய்வோம். 12 மீட்டர் எண்ணெய்த் தடத்தில் அது 15.2 மீட்டரிலேயே உருளத் தொடங்கிவிடுகிறது. அதாவது வளைவு சீக்கிரம் முடிந்து, பந்து பாக்கெட்டைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். மெருகிட்ட பந்தோ நாம் பார்த்தபடி 17.6 மீட்டர் வரை தாக்குப்பிடித்தது.

எண்ணெயை 15 மீட்டருக்கு நீட்டினால் நிலைமை தலைகீழ். மெருகிட்ட பந்து உருள 20 மீட்டர் வேண்டும், தடமே முடிந்துவிடும். சொரசொரப்புப் பந்து 17 மீட்டரில் உருளும். விலை உயர்ந்த, 'வலிமையான' பந்து எல்லாத் தடத்திலும் சிறந்தது என்று கடைக்காரர் சொன்னால் இந்த நான்கு எண்களைக் காட்டலாம். எண்ணெய் குறைந்த தடத்தில் அந்தப் பந்துதான் மிக மோசம். எஞ்சி நிற்கும் ஒற்றைக் கட்டையை அடிக்க, பெரிய ஆட்டக்காரர்கள்கூடப் பழைய பிளாஸ்டிக் பந்தை எடுப்பதும் இதனால்தான். அது தடத்தைப் பற்றாது, எண்ணெய் எப்படியிருந்தாலும் ஏறக்குறைய நேராகப் போகும்.

பூச்சின் நீளத்தை வைத்து ஆட்டக்காரர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எண்ணெயின் நீளத்தை அடியில் எடுத்து 31ஐக் கழிக்க வேண்டும். 41 அடி என்றால் வலது ஓரத்திலிருந்து 10ஆம் பட்டையில் பந்து திரும்ப வேண்டும். குட்டைப் பூச்சில் ஓரம், நீளப் பூச்சில் உள்பக்கம். தொழில்முறைப் போட்டிகளில் சீட்டா என்பது குட்டைப் பூச்சு, ஷார்க் என்பது நீளப் பூச்சு. அனுபவத்தில் பிறந்த சூத்திரம் இது. இயற்பியல் விதி அன்று. அனுபவ விதிக்கும் அறிவியல் விதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச நல்ல இடம்.

ஆட்டம் நடக்க நடக்கத் தடமும் மாறுகிறது. ரெசின் பந்துகள் எண்ணெயை உறிஞ்சி எடுத்துப்போகும், ஒரே பாதையில் பலர் வீசினால் அந்தப் பாதை உலரும். அரை மணி நேரத்துக்கு முன் பாக்கெட்டில் விழுந்த அதே வீச்சு இப்போது அதிகம் வளையும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. பந்து எங்கே திரும்பியது என்பதைப் பார்த்து, எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஊகித்து, அடுத்த வீச்சில் நிற்குமிடத்தையோ பந்தையோ மாற்றுகிறார்கள். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைத்தான் செய்கிறார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

மேசைப் பந்தாட்டப் பந்து ஒன்றை மேசைமேல் வைத்து, நம் பக்க விளிம்பை விரலால் அழுத்தித் தெறிக்கவிடுங்கள். முன்னே பாய்ந்து, நின்று, திரும்பி வரும். கோலி ஆடும் பிள்ளைகளுக்கு இந்தப் பின்சுழற்சி கைவந்த கலை. எந்த இடத்தில் சறுக்கல் முடிந்து உருளல் தொடங்கியது என்று கேளுங்கள். பந்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கைபேசியில் மெதுவான வேகத்தில் படம்பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

அடுத்ததற்குத் தச்சரிடம் மீந்துபோன 8 அடி நீள சன்மைக்காத் துண்டு போதும். அதன் முதல் ஐந்தடியில் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரப்பளபளப்பு தெரிந்தால் அதிகம் என்று பொருள். பந்து எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கனமான ரப்பர் பந்தை முன்னே தள்ளும்போதே அதன் மேற்பகுதி இடப்புறம் சுழலுமாறு கையை இழுத்துவிட வேண்டும். முதல் சில முறை யாருக்கும் வராது. எனக்கு வரவே இல்லை, கிரிக்கெட்டில் சுழற்பந்து வீசும் ஒரு மாணவனுக்கு மூன்றாம் முறையிலேயே வந்தது. எண்ணெயில் நேராகப் போன பந்து, முடிவில் இடப்பக்கம் திரும்பியது. ஒவ்வொரு முறையும் பந்தைத் துடைக்கவும். துடைக்காமல் ஒருமுறை விட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தரையில் நேரடியாகச் செய்ய வேண்டாம். எங்கள் வகுப்பில் சிந்திய எண்ணெயில் முதலில் சறுக்கியது நான்தான். உராய்வுக் குணகத்தைப் பற்றி அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மதிப்பீட்டுக்குச் சில கேள்விகள் போதும். 7.26 கிலோ பந்தும் 5 கிலோ பந்தும் ஒரே வேகத்தில், ஒரே சுழற்சியில், ஒரே குணகத்தோடு போனால் பாதை மாறுமா? கணக்கில் நிறை அடிபட்டுப்போவதைக் காணும் மாணவர், பிறகு ஏன் கனமான பந்தைத் தேர்கிறார்கள் என்று தாமே கேட்பார். விடை கட்டையோடு மோதும்போது இருக்கிறது: கனமான பந்து ஒன்றரைக் கிலோ கட்டைகளில் பட்டுக் குறைவாக விலகும். உள்ளீடற்ற கோளத்துக்கு 5/7க்குப் பதில் என்ன வரும் என்பது இன்னொன்று. 3/5 என்று வர வேண்டும்.

ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, அந்த மாணவி கையைத் தூக்கினாள். அவள் இடக்கைப் பழக்கமுள்ளவள் என்பதை அன்றுதான் கவனித்தேன். "வலக்கைக்காரங்கதான் நிறைய பேர். அவங்க பக்கத்து எண்ணெயெல்லாம் சீக்கிரம் போயிடும். இடது பக்கம் அப்படியே இருக்கும். அப்ப எங்களுக்கு லாபமா, நஷ்டமா சார்?"

பூசும்போது பூச்சு இருபுறமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆடத் தொடங்கியபின் அவள் சொன்னபடிதான் ஆகிறது. தடம் மெதுவாக மாறுவதால் இடக்கைக்காரருக்கு வீச்சைத் திருத்தும் தேவை குறைவு. ஆனால் தொடக்கப் பூச்சே அவருக்குப் பொருந்தாவிட்டால், மாறும் என்று காத்திருக்கவும் வழியில்லை. லாபமா நஷ்டமா என்று பௌலிங் உலகமே நெடுநாளாக வாதாடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். இம்முறை விடையைச் சொல்லி முடித்துவிட அவசரப்படவில்லை. சன்மைக்காத் துண்டையும் எண்ணெய்ப் புட்டியையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.